ஆயக்கட்டில் ஒரு வீடு

அம்மா அரிசோனாவில் வந்து இறங்கிய அன்றே கேட்ட கேள்வி இது. ஃபீனிக்ஸ் விமான நிலையத்திலிருந்து சாண்ட்லரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு நீளமான பாலம் உண்டு. 'சால்ட் ரிவர்' என்று பலகை. கீழே எட்டிப் பார்த்தால் கூழாங்கல், மணல், அங்கங்கே முள்மரம். அவ்வளவுதான். இருபத்து நாலு மணி நேரம் பறந்து வந்த களைப்பிலும் அம்மா பலகையை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "ஏய்யா, ஆறுன்னு போட்டிருக்கு. தண்ணிய எங்கய்யா கொண்டுபோனாங்க?" என்றார்.

தண்ணீர் எங்கே என்று மட்டும் கேட்டிருந்தால் பதில் சுலபம். கொண்டுபோனார்கள் என்ற அந்த ஒரு சொல்தான் என்னை வாரக்கணக்கில் அரித்தது. அம்மாவுக்கு மேலூர்ப் பக்கம், பெரியாறு அணைத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டின் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். வைகையில் மணல் தெரிந்தால் அந்த ஊர்க்காரர்கள் உடனே வறட்சி என்று சொல்ல மாட்டார்கள். 'பேரணையில திருப்பிட்டான்' என்பார்கள். நானோ பன்னிரண்டு வருடமாக இங்கே குடியிருக்கிறேன், அந்தப் பாலத்தை எத்தனை தடவை கடந்தேன் என்று கணக்கே இல்லை. "இது பாலைவனம்மா, இங்க ஆறுன்னா இப்படித்தான்" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "அது நம்மூரு சீமைக் கருவேலந்தானே?" என்று மட்டும் கேட்டார். அது மெஸ்கீட். சீமைக் கருவேலத்துக்குப் பங்காளி முறை. நம் ஊருக்கு வந்த கருவேலத்தின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம்தான். அங்கே வெட்டி ஒழிக்கச் சொல்லி நீதிமன்றம் வரை போனோம், இங்கே அதன் உறவுக்காரனுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுச் சாலையோரம் வளர்க்கிறார்கள்.

வெறுங்காடு என்ற கதை

இந்த ஊரைப் பற்றி விருந்தாளிகளிடம் சொல்ல என்னிடம் ஒரு கதை தயாராக இருந்தது. 1980-ல் இங்கே முப்பதாயிரம் பேர்தான். சுற்றிலும் ஒன்றுமில்லை. அந்த வருடம் இன்டெல் வந்தது. 1996-ல் ஊருக்குத் தெற்கே ஒகோட்டியோ பக்கம் இன்னும் பெரிய சிப் ஆலை வந்தது. பிறகு நாமெல்லாம் வந்தோம். 2020 கணக்கெடுப்பில் 2,75,987 பேர். கோவில் வந்தது, இட்லி மாவு வந்தது, பொங்கலுக்குப் பள்ளி அரங்கம் வாடகைக்குக் கிடைத்தது. கதையின் முடிவில் ஒரு பெருமூச்சும் வைத்திருந்தேன்: உண்மையில் இப்படி ஒரு ஊர் இங்கே இருக்கவே கூடாது. வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை. சென்னையில் சில நவம்பர்களில் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதுதான். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 110 டிகிரிக்குக் குறையவில்லை, அதாவது 43 செல்சியஸுக்கு மேல். வெறும் பாலைவனத்தில் காசைக் கொட்டி எழுப்பிய ஊர், ஒரு நாள் தண்ணீர் தீர்ந்து மூட்டை கட்டும் என்று முடிப்பேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். நானும் அந்த ஊரிலேயே முப்பது வருடக் கடனில் வீடு வாங்கியிருப்பதை யாரும் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை.

பார்ப்பதற்கும் ஊர் அந்தக் கதைக்குத் தோதாகத்தான் இருக்கும். தரை பலகை போலத் தட்டை. தெற்கு வடக்காகவும் கிழக்கு மேற்காகவும் மைலுக்கு ஒரு பெருஞ்சாலை. வார்னர், ரே, சாண்ட்லர் புலவார்ட், பெக்கோஸ், ஜெர்மன், குவீன் கிரீக் என்று வடக்கிலிருந்து தெற்கே எண்ணிக்கொண்டே போனால் மைல்கல் தேவைப்படாது. பெருஞ்சாலைகள் சந்திக்கும் மூலைகளில் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மருந்துக்கடை, ஒரு வங்கி. அவற்றுக்குப் பின்னால் ஆறடி மதில், மதிலுக்குள் ஒரே சாயலில் வீடுகள். சந்தனத்தில் சாம்பல் கலந்த மாதிரி ஒரு நிறம், ஓட்டுக் கூரை, முன்பக்கம் புல்லுக்குப் பதில் சரளைக்கல். என்ன நிறம் அடிக்கலாம், என்ன செடி வைக்கலாம் என்பதற்கெல்லாம் குடியிருப்பு நிர்வாகச் சங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அம்மா வந்த மூன்றாவது வாரம், யாரையும் கேட்காமல், முன்வாசல் சரளையை விலக்கி ஒரு முருங்கைப் போத்தை ஊன்றிவிட்டார். இந்த வெயிலுக்கு முருங்கை பிய்த்துக்கொண்டு வளரும். இரண்டு மாதத்தில் என் தோள் உயரம். சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதிக்கப்பட்ட செடிகளின் பட்டியலில் அது இல்லையாம், பதினான்கு நாளில் அகற்ற வேண்டுமாம். கடிதத்தோடு முருங்கையின் வண்ணப் படம், குற்றவாளியைப் பிடித்த மாதிரி. அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "கீரைக்கா நோட்டீசு?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். அந்த முருங்கைக்குப் பிறகு வருகிறேன்.

மேட்டில் ஓடும் தண்ணீர்

கோடை தொடங்கிவிட்டால் இங்கே நடைப்பயிற்சி விடியற்காலை ஐந்து மணிக்கு முடிந்துவிட வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கான்சாலிடேட்டட் கால்வாய் ஓடுகிறது. கரையோரம் நடைபாதை போட்டிருக்கிறார்கள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பல வருடம் அதில் ஓடியிருக்கிறேன். எனக்கு அது நடைபாதைக்குப் பக்கத்தில் இருக்கும் அழகான தண்ணீர், அவ்வளவுதான். அம்மா இரண்டாவது நாளே நடப்பதை நிறுத்திவிட்டுக் கரையில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். "இங்க வா. தண்ணி மேட்டுல ஓடுது பாரு. வீடெல்லாம் பள்ளத்துல இருக்கு." தட்டைத் தரை என்று நான் சத்தியம் செய்யும் இடத்தில் அவருக்குச் சரிவு தெரிந்தது. உண்மைதான். கால்வாய் வடக்கிலிருந்து தெற்கே உயரமான கோட்டைப் பிடித்துப் போகிறது, நிலம் அதற்கு மேற்கே மெல்ல இறங்குகிறது. "பள்ளத்துல ஓடினா வடிகால். மேட்டுல ஓடினா பாசன வாய்க்கால். இது பாசன வாய்க்கால்யா." கரையில் ஒவ்வொரு அரை மைலுக்கும் இரும்புச் சக்கரம் வைத்த ஷட்டர்கள் இருக்கும், எண் போட்டிருக்கும். மின்சாரத் துறைக்காரர்கள் வைத்த ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். அம்மா ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "மடை" என்றார். பிறகு மேற்கே கைகாட்டி, "சரி, வயல் எங்க?" என்றார்.

அன்று இரவுதான் முதல்முறையாக இந்த ஊரின் வரலாற்றைத் தேடி உட்கார்ந்தேன். ஊர் நூலகத்தில் பழைய படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பல வருடமாக நடை தூரத்தில் இருந்தும் எட்டிப் பார்த்ததில்லை.

ஊருக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு கால்நடை மருத்துவர். அலெக்சாண்டர் ஜான் சாண்ட்லர். கனடாவில் பிறந்து டெட்ராய்ட்டில் தொழில் பார்த்தவர். 1887-ல் அரிசோனாவின் முதல் அரசு கால்நடை மருத்துவராக வந்தார். அப்போது கடும் வறட்சி, மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. வெறுத்துப்போய் வேலையை விட்டுக் கிளம்பியவரை வழியில் பெய்த மழை நிறுத்திவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். மழை நிறுத்தியதோ ஆசை நிறுத்தியதோ, 1891-ல் மேசா ஊருக்குத் தெற்கே 80 ஏக்கர் வாங்கினார். 1900-ல் அவர் பண்ணை 18,000 ஏக்கர். டெட்ராய்ட் பணக்காரர்கள் முதல் போட்டார்கள். ஊருக்கு முன்பே கால்வாய்க் கம்பெனி இருந்தது. நான் காதில் பாட்டோடு ஓடும் கான்சாலிடேட்டட் கால்வாய் அவருடையது.

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். அமெரிக்க அரசு 1902-ல் ஒரு பாசனச் சட்டம் போட்டது. அரசு செலவில் அணை கட்டித் தருவோம், ஆனால் அந்தத் தண்ணீர் ஒரு ஆளுக்கு 160 ஏக்கர் வரைதான். சட்டத்தை நம்பி இந்தப் பள்ளத்தாக்கு விவசாயிகள் 1903-ல் தங்கள் நிலத்தையே ஈடாக வைத்துச் சங்கம் சேர்ந்தார்கள். மலைக்குள் சால்ட் ஆற்றின் குறுக்கே ரூஸ்வெல்ட் அணை 1911-ல் முடிந்தது. அந்தப் பெயருக்குரிய முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே வந்து திறந்துவைத்தார். இப்போது சாண்ட்லரின் நிலைமையைப் பாருங்கள். 18,000 ஏக்கர் இருக்கிறது, அணைத் தண்ணீர் வேண்டும், சட்டம் 160 என்கிறது. என்ன செய்வார்? துண்டு போட்டார். பத்து ஏக்கரிலிருந்து 160 ஏக்கர் வரை மனைகளாக்கி நாடு முழுக்க விளம்பரம் கொடுத்து 1912 மே மாதம் விற்க ஆரம்பித்தார். நடுவில் ஒரு பூங்கா, பூங்காவுக்கு எதிரே 1913-ல் சான் மார்கோஸ் என்ற சொகுசு ஹோட்டல். நம் ஊரில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது ஒரு மிராசுதார் நிலத்தைப் பிரித்துப் பேரப்பிள்ளைகள் பெயரில் எழுதினார் என்றால், இவர் பிரித்து ஒரு நகரத்தையே எழுதிவிட்டார். தண்ணீருக்கு ஒரு வரம்பு போட்டதால் பிறந்த ஊர் இது. அந்த 160 ஏக்கரும் வேறெங்கிருந்தும் வரவில்லை. ஒரு சதுர மைல் 640 ஏக்கர், அதில் கால்வாசி 160. நான் தினமும் வண்டியோட்டும் ஒரு மைல் சதுரச் சாலைகள் எல்லாம் அந்தப் பழைய நில அளவையின் வரப்புகள்.

தீக்கோழி வளர்த்தது, தொப்பிக்கு இறகு வைக்கும் நாகரிகம் போனதும் அது படுத்தது, கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டைக் கூட்டிவந்து பாலைவனத்தில் இன்னொரு மாபெரும் ஹோட்டலுக்கு வரைபடம் போட வைத்தது, 1929 பங்குச்சந்தைச் சரிவில் அது வரைபடத்தோடு நின்றது எல்லாம் தனிக் கதை. மருத்துவர் அந்தப் பெருமந்தத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழந்து, 1950-ல் இறந்தார்.

பருத்தியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. முதல் உலகப் போர் நேரத்தில் டயருக்குள் வைக்கும் நூலுக்கு நீண்ட இழைப் பருத்தி தேவைப்பட்டது. எகிப்துப் பருத்தி கிடைப்பது சிரமமானதால், குட்இயர் கம்பெனி சாண்ட்லருக்குத் தெற்கே ஆயிரக்கணக்கான ஏக்கரில் பருத்தி போட்டது. மெக்சிகோவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து பறிக்க வைத்தார்கள். 1920-ல் விலை விழுந்ததும் அந்த ஆட்களை அப்படியே கைவிட்டார்கள். அந்த ரகப் பருத்திக்கு வைத்த பெயர் பிமா. சின்ன வயதில் சட்டைக் கழுத்துப் பட்டையில் 'பிமா காட்டன்' என்று பார்த்து, பீமன் மாதிரி கிழியாது போல என்று நினைத்திருக்கிறேன். அது ஒரு மக்களின் பெயர். இங்கிருந்து தெற்கே சாகட்டோனில் இருந்த அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் அந்தப் பருத்தியை வளர்க்க உழைத்த பழங்குடியினரை வெள்ளைக்காரர்கள் பிமா என்று அழைத்தார்கள். தங்களை அவர்கள் அகிமெல் ஓ'ஓதம் என்கிறார்கள். ஆற்று மக்கள் என்று பொருள்.

இன்டெல் வந்தபோது இங்கே ஒன்றுமில்லை என்ற என் கதை அந்த இரவிலேயே ஆட்டம் கண்டுவிட்டது. ஆனால் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. ஜூன் மாதம் நடந்தது வேறு.

அதிகாலை மூன்று பத்து

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் ஊரின் பழைய பகுதியில் இருக்கிறார். அவருடைய தாத்தா பருத்தி பறிக்க வந்தவர். அம்மாவின் கால்வாய் ஆராய்ச்சியைப் போனில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை ராத்திரி எனக்குத் தண்ணீர் முறை. மூன்று பத்திலிருந்து மூன்று ஐம்பது வரை. உன் அம்மாவைக் கூட்டி வா" என்றார். ராத்திரி மூன்று மணிக்கா என்றேன். கால்வாய்க்குத் தூக்கம் கிடையாது என்றார்.

போனோம். வெளியே அந்த நேரத்திலும் 31 டிகிரி செல்சியஸ். அவர் வீடு ஐம்பதுகளில் கட்டியது. எங்கள் மதில் வீடுகளைப் போல நிலத்தை மேடாக்கி வைத்தது இல்லை. புல்தரை வாசலைவிட அரையடி பள்ளம். சுற்றிலும் முழங்காலுக்குக் கீழே ஒரு மண் கட்டு, அதன்மேல் புல் முளைத்திருந்தது. நடுவில் இரண்டு பீக்கன் மரம், ஓரத்தில் எலுமிச்சை, நாரத்தை மாதிரி ஒன்று. அம்மா டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கட்டைப் பார்த்ததும், "வரப்பு" என்றார். பள்ளத்தைக் காட்டி, "பாத்தி" என்றார். மூலையில் சிமெண்ட் உறைக்குள் இருந்த இரும்புத் திருகைக் காட்டியபோது அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நண்பர் ரப்பர் பூட்ஸோடு வந்தார். மூன்று பத்துக்குத் திருகைச் சுற்றினார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் உள்ளே எங்கோ காற்று விம்மும் சத்தம். பிறகு சத்தமே இல்லாமல் தண்ணீர் மேலெழுந்து, உறையின் விளிம்பைத் தாண்டி, புல்லுக்குள் கறுப்பாகப் படர்ந்தது. மேலே காய்ந்த இலை, வெட்டிய புல், ஒரு பிளாஸ்டிக் மூடி எல்லாம் மிதந்து வந்தன. கரப்பான்கள் பதறிப்போய் வரப்பு ஏறின. ஈர மண் வாசம் கிளம்பியது. மழையில் வரும் வாசம் இந்த ஊரில் வேறு. அது கிரியோசோட் என்ற பாலைப் புதரின் கார வாசம். இது அசல் வயல் வாசம். அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். "வெதுவெதுன்னு இருக்கு" என்றார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபோது வரப்பில் ஓர் இடத்தில் கசிந்தது. நண்பர் பார்க்கும் முன்பே அம்மா காலாலேயே மண்ணைத் தள்ளி மிதித்து அடைத்தார். எழுபத்தொரு வயது. கடைசியாக வயலில் இறங்கி இருபது வருடம் இருக்கும்.

பிறகு நாற்பது நிமிடமும் நான் மொழிபெயர்ப்பாளர். அம்மா கேட்டது எதுவும் விருந்தாளி கேட்கும் கேள்வியாக இல்லை. உங்களுக்கு மேல்மடை யார்? அந்த ஆள் நேரத்துக்கு அடைக்காமல் தூங்கிவிட்டால்? முறை எத்தனை நாளுக்கு ஒருதரம்? கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, குளிர்காலத்தில் மாதம் ஒன்று என்றார் நண்பர். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை தூங்கிப்போய், நண்பரின் கார் கொட்டகைக்குள் தண்ணீர் போன கதையைச் சொன்னார். "சண்டை வந்துச்சா?" என்று அம்மா ஆர்வமாகக் கேட்டார். எட்டு மாதம் பேசவில்லை என்றார். அம்மாவுக்கு அந்தப் பதில் ரொம்பத் திருப்தியாக இருந்தது. கால்வாயிலிருந்து இந்தத் தெருவுக்குத் தண்ணீரைத் திறப்பவர் யார் என்று கேட்டார். அதற்கென்று ஆள் உண்டு, சான்ஹேரோ என்று பெயர், ஸ்பானிய மொழியில் வாய்க்கால்காரர். லாரியில் வருவார், கையில் கணினி வைத்திருப்பார், பெயர் மட்டும் இருநூறு வருடப் பழசு. "நீர்ப்பாய்ச்சி" என்றார் அம்மா. "நம்ம ஊர்ல களத்துல நெல்லு அளந்து கொடுப்போம். இவங்களுக்கு?" மாதச் சம்பளம் என்றேன். "அதான் நேரத்துக்கு வர்றாரு."

இவருடைய மனைக்கு மட்டும் எப்படி உரிமை என்று நான் கேட்டேன். அதுவரை அது எனக்குத் தோன்றியதே இல்லை. நண்பர் சொன்ன விவரத்தைப் பின்னர் சரிபார்த்துக்கொண்டேன். 1910-ல் கென்ட் என்ற நீதிபதி ஒரு தீர்ப்புக் கொடுத்தார். இந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு நிலத்துண்டும் எந்த வருடம் முதலில் பாசனம் பெற்றதோ அந்த வருடப்படிதான் அதற்கு ஆற்றில் முன்னுரிமை. உரிமை ஆளுக்கு இல்லை, நிலத்துக்கு. நிலத்தின் மேல் நெல் இருந்தாலும் பருத்தி இருந்தாலும் மூன்று படுக்கையறை வீடு இருந்தாலும் தண்ணீர் அந்த மண்ணோடு ஒட்டியிருக்கிறது. என் வீட்டுத் துண்டும் அந்த எல்லைக்குள்தான். எனக்கு வரப்பும் திருகும் இல்லை. என் நிலத்துக்குச் சேர வேண்டியதை நகராட்சி அதே கால்வாயிலிருந்து எடுத்துச் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். பாத்தியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்ப நீ ஆயக்கட்டுலதான்யா குடியிருக்க" என்றார். "என்னமோ பாலைவனம் பாலைவனம்னு சொல்லிக்கிட்டிருந்த."

வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது விடிந்துகொண்டிருந்தது. அதே மைல் சாலைகள், அதே மதில்கள். ஆனால் பெக்கோஸ் சாலையில் வலதுபக்க மதில் ஏன் ஓர் இடத்தில் காரணமில்லாமல் வளைகிறது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஏன் அந்தக் குறுகலான நீளப் புறம்போக்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எல்லாம் மூடிப்போன கிளை வாய்க்கால்கள். நான் ஒரு வயலின் மேல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் பாய்ச்சியவர்கள்

முதலில் பாய்ச்சியவருக்கு முதல் உரிமை என்றால் முதலில் பாய்ச்சியவர் யார் என்ற கேள்வி வரும். அது நீதிபதி கென்ட்டோடும் கால்நடை மருத்துவரோடும் நிற்காது. 1878-ல் மேசாவில் வந்து குடியேறிய மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கால்வாய் வெட்டச் சிரமப்படவில்லை, ஏற்கெனவே கிடந்த பள்ளத்தைத் தூர்வாரினார்கள். தூர்ந்து கிடந்தது ஹோஹோகம் என்று தொல்லியல்காரர்கள் அழைக்கும் மக்கள் வெட்டியது. மாடு இல்லை, இரும்பு இல்லை. தோண்டுகழியும் கல்லும் கூடையும் வைத்து இந்தச் சமவெளியில் நூற்றுக்கணக்கான மைல் கால்வாய் வெட்டி மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்தார்கள். ஏறக்குறைய 1450 வரை ஆயிரம் வருடம். பக்கத்துப் பெருநகரத்துக்கு ஃபீனிக்ஸ் என்று பெயர் வைத்ததே, அழிந்த பழைய நாகரிகத்தின் சாம்பலிலிருந்து எழும் ஊர் என்ற அர்த்தத்தில்தான். சாம்பலாகிவிட்டதாக இவர்கள் நினைத்தவர்களின் வாரிசுகள் பக்கத்திலேயே இருந்தார்கள். கோதுமை விளைவித்து, 1849-ல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்த ஆற்று மக்கள். அவர்களுடைய ஹிலா ஆற்றை மேலே குடியேறியவர்கள் 1870-களிலிருந்து திருப்பத் தொடங்கினார்கள். இருபது முப்பது வருடத்துக்குள் பட்டினி. அம்மாவின் கேள்விக்கு அங்கே அப்படியே பதில் இருக்கிறது: தண்ணீரைக் கொண்டுபோனார்கள்.

அவர்கள் விடவில்லை. நூறு வருடத்துக்கு மேல் வழக்கு, பேச்சுவார்த்தை. 2004-ல் ஒரு சட்டம் வந்தது. ஹிலா ரிவர் பழங்குடிச் சமூகத்துக்கு வருடத்துக்கு 6,53,500 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரம் நிற்கும் தண்ணீர்). அதில் ஏறக்குறைய பாதி கொலராடோ ஆற்றிலிருந்து 336 மைல் கால்வாயில் மலையேறி வரும் தண்ணீர். சாண்ட்லரின் தெற்கு, மேற்கு எல்லைச் சாலைகளில் நின்றால் இப்போது விசித்திரமான காட்சி. இந்தப் பக்கம், ஒரு காலத்தில் பருத்தி விளைந்த இடத்தில், சந்தன நிற வீடுகள் மதில் ஒட்டி நிற்கும். அந்தப் பக்கம் பழங்குடி நிலம், அதில் குதிரைமசாலும் பருத்தியும். அவர்கள் கால்வாயின் மேல் சூரியத் தகடு போட்டிருக்கிறார்கள். குஜராத்தில் 2012-ல் செய்தது, அமெரிக்காவில் முதலில் செய்தது இவர்கள்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். காரை நிறுத்தச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். "இவங்கதான் கடைமடையா?" என்றார். இவர்கள்தான் தலைமடையாக இருந்தவர்கள் என்றேன். அம்மா உச்சுக்கொட்டினார்.

இந்த ஊர் இருக்கவே கூடாது என்ற பெருமூச்சை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அரிசோனா தண்ணீரில் ஏறக்குறைய எழுபது சதவீதம் இப்போதும் விவசாயத்துக்குத்தான் போகிறது. ஒரு ஏக்கர் குதிரைமசால் குடித்த தண்ணீரைவிட அதே ஏக்கரில் நிற்கும் நாலைந்து வீடுகள் குறைவாகத்தான் குடிக்கின்றன. அப்படிப் பார்த்தால் என் வீடு இந்த மண்ணுக்குச் சிக்கனமான பயிர். ஆனால் பருத்தியை ஒரு வருடம் போடாமல் விடலாம். கொலராடோ குறைந்த வருடங்களில் பக்கத்து மாவட்டத்தில் அப்படித்தான் தரிசாகப் போட்டார்கள். வீட்டைத் தரிசு போட முடியாது. 1980 நிலத்தடி நீர்ச் சட்டப்படி புதுக் குடியிருப்புக்கு நூறு வருடத் தண்ணீரைக் காட்ட வேண்டும். 2023-ல் நிலத்தடி நீரை மட்டும் நம்பிப் புதுமனை போடுவதை ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரத்தில் நிறுத்தினார்கள். அதனால் எங்கள் வீட்டு விலை ஏறியது. விருந்தாளிகளிடம் பழைய கதையை விட்டுவிட்டேன். புதுக் கதை நீளம், சாப்பாடு ஆறிவிடுகிறது என்று மனைவி சொல்கிறாள்.

அந்த முருங்கை. பதினான்கு நாள் கெடுவின் பதிமூன்றாவது நாள் வேரோடு தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, நண்பர் வீட்டுப் பாத்தியின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தோம். முருங்கைக்கு நீர் கட்டக்கூடாது என்று வரப்பை ஒட்டிக் கொஞ்சம் மேடாக அம்மாவே இடம் பார்த்தார். டிசம்பர் பனியில் தரைவரை கருகிவிட்டது. செத்துவிட்டது என்று நண்பர் வருத்தமாகச் செய்தி அனுப்பினார். அடியில் வெட்டிவிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுங்கள் என்று அம்மா ஊரிலிருந்து சொன்னார். மார்ச்சில் நாலு போத்தாகக் கிளம்பியது. இப்போது அவர் வீட்டு ஆம்லெட்டில் முருங்கைக்கீரை உண்டு.

வாரம் ஒருமுறை அம்மாவிடம் பேசும்போது, பேரப்பிள்ளைகளை விசாரித்த பிறகு அடுத்த கேள்வி, "அவருக்கு முறை என்னிக்கு?" என்பதுதான். அதனால் நண்பரின் தண்ணீர் அட்டவணையை என் போனில் ஏற்றி வைத்திருக்கிறேன். அடுத்தது செவ்வாய் இரவு, ஒன்று நாற்பது.